சமயநல்லூரில் ஒரு சுடாத துப்பாக்கி

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "சமயநல்லூர் ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கா இவ்வளவு பெரிய ஜன்னல்?' என்கிற பார்வை அது. பாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை என்று வரிசையாகத் தாண்டி, பாக்கிச் சில்லறை கைக்கு வருவதற்குள் ஊர் வந்துவிடும்.

சமயநல்லூரைப் பற்றி டூரிஸ்ட் கைடு எதுவும் அலட்டிக்கொள்வதில்லை. ரயில்வே ஸ்டேஷன் உண்டு. பெரிய எக்ஸ்பிரஸ்கள் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். நாற்கரச் சாலை உண்டு. கார்களும் அதே மரியாதையைத்தான் செய்கின்றன. ஒரு காலத்தில் சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் 2011 தேர்தலோடு அந்தப் பெருமையும் போயிற்று. பக்கத்துத் தேனூருக்காவது, 'திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றும் வரை அழகர் எங்க ஊரில்தான் ஆற்றில் இறங்கினார்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சமயநல்லூருக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் நான் மாதம் ஒரு தடவை அங்கே போகிறேன். காரணம், என் மனைவியின் தாய்மாமா. மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி எடுத்த நாளிலிருந்து காலை நாலரைக்கு எழுந்துகொள்பவர். வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் எழுப்புபவர் என்பதால், நான் ராத்திரி தங்குவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் ஆளில்லை. கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தால், மாமா சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். கையில் நீளமாக ஒரு மரக்கட்டை. குறி, என் நெஞ்சு.

"மாப்ள, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

நின்றேன். பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

"முந்நூறு கெஜம்னு வெச்சுக்கிட்டா, ஆள் இம்புட்டுத்தான் தெரியணும்" என்று கட்டை விரலைக் காட்டிக்கொண்டே எழுந்தார். "வாங்க மாப்ள. காபி சாப்பிடுறீங்களா?"

அந்தக் கட்டைதான் பின்னால் துப்பாக்கியாக வளர்ந்தது.

* * *

மாமா சர்வீஸில் சேர்ந்த புதிதில், 'கோத்' என்று பட்டாளத்தில் சொல்லும் ஆயுத அறையில் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்த்திருக்கிறார். மேலே தூரதிருஷ்டிக் கண்ணாடி பூட்டியது. அவருக்குக் கொடுத்தது வேறு துப்பாக்கி. இதைத் தொட்டுப் பார்க்கவே ஒரு வாரம் கெஞ்சினாராம். முதல் காதல் மாதிரி அது மனசிலேயே தங்கிவிட்டது. (அத்தைக்கு இது தெரியும். "அவளையே கட்டியிருக்கலாம்ல" என்பார்.)

அவள் பெயர் லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 (டி). நம் ஊர் போலீஸ்காரர்களின் தோளில் சினிமாக்களில் நாம் நிறையப் பார்த்திருக்கும் த்ரீ நாட் த்ரீயின் குடும்பம்தான். 1895-ல் ஆரம்பித்த வம்சம். நம்முடைய வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் பல வருஷங்கள் செய்தார்கள். 2008-ல் மும்பையில் பயங்கரவாதிகள் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தபோது, ரயில்வே ஸ்டேஷனில் போலீஸ் கையில் இருந்தது இந்தக் குடும்பத்துத் தாத்தாதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு முறைப்படி ரிடையர்மென்ட் கொடுத்தது.

இதில் 'டி' என்றால் டெலஸ்கோப். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலையில் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, குறி பிசகாதவற்றை மட்டும் பொறுக்கியெடுப்பார்கள். அவை லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற பெரிய இடத்துத் துப்பாக்கிக் கம்பெனிக்குப் போகும். ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த கம்பெனி அது. அங்கே சுமார் மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடியைப் பூட்டி, கன்னம் வைத்துக்கொள்ள வசதியாக மரத்தில் ஒரு தாங்கியும் திருகுவார்கள். இப்படி 23,000-க்கும் மேல் செய்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு துப்பாக்கிக்குப் பொருந்திய கண்ணாடி இன்னொன்றுக்குச் சரிப்படாது. அதனால் கண்ணாடியின் நம்பரைத் துப்பாக்கிக் கட்டையிலும், துப்பாக்கியின் நம்பரைக் கண்ணாடி பூட்டும் தாங்கியிலும் குத்திவிடுவார்கள். ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, ஒருத்தர் பேரை ஒருத்தர் பச்சை குத்திக்கொள்கிற கல்யாணம். போர் முடிந்த பிறகு இந்த ஜோடிகள் உலகமெங்கும் பிரிந்துபோயின. வெளிநாடுகளில் இதைச் சேகரிக்கிற பைத்தியங்கள், பிரிந்த ஜோடியைச் சேர்த்துவைக்க வருஷக்கணக்கில் அலைகிறார்கள். அசல் கண்ணாடி ஒன்று மட்டுமே லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது.

மாமாவின் பென்ஷனுக்கு இது கட்டாது. "அதனால என்ன? நானே செஞ்சுக்கிறேன்" என்று இறங்கிவிட்டார்.

* * *

முதல் பிரச்னை மரம். அசலில் போட்டது வால்நட். சமயநல்லூரில் வால்நட்டுக்கு எங்கே போவது? மரக்கடையில் விசாரித்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. நம் ஊர் வாகை மரத்தை வெள்ளைக்கார மரவியாபாரிகள் 'கிழக்கிந்திய வால்நட்' என்று பெயர் வைத்துத்தான் விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தமிழ் ராஜாக்கள் ஜெயித்துவிட்டு வந்தால் சூடிக்கொண்ட பூவும் இந்த வாகைதான்.

"பாத்தீங்களா மாப்ள? சண்டைக்குன்னே பொறந்த மரம்" என்றார் மாமா. பழைய வாகைப் பலகை ஒன்று வந்து சேர்ந்தது. மூன்றே முக்கால் அடி நீளம். அதை மூன்று மாதம் இழைத்தார். கண்ணாடிக் குழாயை லேத் பட்டறையில் மரத்திலேயே கடைந்து வாங்கி, மூக்குக்கண்ணாடி லென்ஸ் இரண்டை இரண்டு முனையிலும் ஒட்டினார். அதில் பார்த்தால் முருங்கை மரம் கொஞ்சம் மங்கலாக, தலைகீழாகத் தெரியும்.

குழலுக்குத் துளையே இல்லாத இரும்புக் கம்பி. "குழல்ல ஓட்டை இருந்தா அது துப்பாக்கி. இல்லைன்னா அது விறகு." மாமாவின் கொள்கை அது.

மெர்க்கன்டைல் லா பேப்பரில் 41 மார்க் வாங்கிய தைரியத்தில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஆயுதம் என்றால் முழு ஆயுதம் மட்டுமல்ல, அதன் பாகங்களும் ஆயுதமே என்கிறது சட்டம். நிஜக் குழலோ நிஜ போல்ட்டோ பழைய இரும்புக் கடையில் கிடைத்தது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால், பின்னாலேயே போலீஸும் வரும். ஆனால் பொம்மையாக மட்டுமே இருக்கக்கூடியது, நிஜமாக மாற்றவே முடியாதது ஆயுதமில்லை. லத்தியும் சாதாரண கைத்தடியும்கூட ஆயுதமில்லையாம். (லத்தியால் அடி வாங்கியவர்களை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.) போலித் துப்பாக்கியை நிஜமாக மாற்றினால் அது தனிக் குற்றம்.

ஆக, மாமாவின் விறகுக் கொள்கை சட்டத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் அவருக்கு ஒரே ஒரு குறை.

"எல்லாமே நகலா இருக்கு மாப்ள. ஒண்ணாச்சும் அசல் வேணும். சுடுற பாகம் வேணாம். சும்மா, கூட இருக்குற பாகம்."

* * *

மதுரையில் அசல் தேட ஒரே இடம், திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சைக்கிள் பெடல், கடிகார முள், ஸ்பானர், ஒற்றைச் செருப்பு, போன தலைமுறையின் ரேடியோ எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். தொலைத்த பொருளையே திரும்ப விலைக்கு வாங்கிவந்தவர்கள் மதுரையில் உண்டு.

ஆறு ஞாயிறு போனோம். ஏழாவது ஞாயிறு, ஒரு சாக்கின் மூலையில், சுண்டுவிரலை விடக் கொஞ்சம் தடிமனாக, பித்தளையில் ஒரு குட்டிப் புட்டி. திருகுமூடி, அதன் உள்ளே சின்னக் கரண்டி. மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

த்ரீ நாட் த்ரீயின் கட்டைக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதில் சின்னக் கதவு. திறந்தால் உள்ளே ஒரு பொந்து. குழலைத் துடைக்கிற புல்த்ரூ கயிறும் இந்த எண்ணெய்ப் புட்டியும் அதற்குள்தான் குடியிருக்கும். சிப்பாய்க்குச் சோறு இருக்கிறதோ இல்லையோ, துப்பாக்கிக்கு எண்ணெய் இருக்கவேண்டும்.

"என்ன வெலைண்ணே?" என்று கேட்டேன், அலட்சியமாக.

"தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டி. கெட்டிப் பித்தளை. அம்பது ரூவா."

மாமா அதைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐந்நூறு" என்றார் கடைக்காரர்.

"யோவ், இப்பத்தானே அம்பதுன்னே?"

"அது தையல் மிஷின் புட்டி வெலைண்ணே. இவரு பாக்குறதப் பாத்தா இது வேற என்னமோ."

மூன்று வருஷம் காலேஜில் படித்த டிமாண்ட், சப்ளை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். முந்நூற்று ஐம்பதுக்கு முடிந்தது.

புட்டியைக் கட்டையில் வைத்த அன்று மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மற்றதெல்லாம் வாகையும் வார்னிஷும்தான். ஆனால் இந்தத் துளி பித்தளை உள்ளே போனதும், அந்த விறகு கொஞ்சம் முறைப்பதுபோல எனக்கே இருந்தது.

* * *

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படி மறைந்திருந்து தூரத்திலிருந்து சுடுகிறவனை இங்கிலீஷ்காரன் ஸ்னைப்பர் என்கிறான். அந்தச் சொல் பிறந்தது நம் நாட்டு வயல்களில். ஸ்னைப் என்றால் உள்ளான் குருவி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து சேற்று வயலில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். காலடியில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. எழுந்தால் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்த தனித் திறமை வேண்டும். 1770-களில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள், 'இன்றைக்கு ஸ்னைப் சுடப் போனோம்' என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வேட்டை வார்த்தைதான் பின்னால் மனிதனைச் சுடுகிறவனின் பட்டமாயிற்று.

தேனூர், சோழவந்தான் பக்கம் வைகைத் தண்ணீரில் நெல் விளைகிற வயல்களில், மார்கழிக் காலையில் நடந்தால் இன்றும் திடீரென்று காலடியிலிருந்து ஏதாவது ஒரு குருவி விர்ரென்று எழும்பும். மாமாவோடு அந்த வரப்பில் நடந்தபோது, "இதுகிட்ட மோதுறதுக்கு இம்புட்டு ஏற்பாடா?" என்று கேட்டேன்.

"இதுகிட்டயாச்சும் மோதலாம் மாப்ள. இது திருப்பிச் சுடாது" என்றார்.

நிஜமே வேண்டுமென்றால் இதே திண்டுக்கல் ரோட்டில் நேரே போய்த் திருச்சியைப் பிடிக்கலாம். 1966-ல் ஆரம்பித்த துப்பாக்கித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 'வித்வன்ஸக்' என்று ஒன்று செய்கிறார்கள். கிட்டத்தட்ட 25 கிலோ எடை. ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஜீப்பைத் துளைக்கும் சாமான். மாமாவுக்கு அதில் சுவாரசியம் இல்லை. "அது மிஷினு. இது மரவேலை" என்பார்.

* * *

2024 ஏப்ரல். பார்லிமென்ட் தேர்தல் நேரம். தல்லாகுளத்தில் மாமாவோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் துப்பாக்கியைக் காட்டியே ஆகவேண்டும் என்றார். கோரைப்பாயில் சுற்றி, என் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பொழுது சாய்ந்துவிட்டது.

பரவைக்கு இந்தப் பக்கம் பறக்கும் படை. கணக்கில்லாத பணத்தைத் தேடுகிறவர்கள். என் பர்ஸில் நூற்றுப் பத்து ரூபாய்தான் இருந்தது என்பதால் கம்பீரமாக நிறுத்தினேன்.

"பாய்ல என்ன?"

"விறகு சார்" என்றார் மாமா, உண்மையைச் சொல்லும் குரலில்.

பாயைப் பிரித்தார்கள். டார்ச் வெளிச்சத்தில், வார்னிஷ் பளபளக்க, கண்ணாடி மின்ன, அது கிடந்தது. நாலு பேர் நாலடி பின்னால் போனார்கள். ஒருவர் கை இடுப்புக்குப் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிசப்தமான திண்டுக்கல் ரோட்டை நான் கேட்டதில்லை.

மாமா இரண்டு கையையும் மெதுவாக மேலே தூக்கினார். பட்டாளத்துக்காரர் அல்லவா, எப்போது அசையக்கூடாது என்று தெரியும். எனக்கும் "தூக்குங்க மாப்ள" என்று பல்லுக்கு நடுவே சொன்னார்.

ஐந்து நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது. மூத்த போலீஸ்காரர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். குழலின் வாயை டார்ச்சால் பார்த்தார். தலைகீழாகத் தெரிந்த லாரியையும் பார்த்தார். ஒரு இளைஞர் மட்டும் விடாமல், "தேர்தலுக்குத் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு தெரியாதா?" என்றார். "இதை ஒப்படைச்சா அடுப்பெரிச்சுருவாய்ங்கப்பா" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

மூத்தவர் சிரிக்கவில்லை. மாமாவைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். ஆனால் எனக்கும் கேட்டது.

"ஐயா, நீங்க பெரியவங்க. பட்டாளத்துல இருந்தவங்க. உங்களுக்கு இது விறகு. ஆனா இருட்டுல, தூரத்துல நிக்கிற என் பசங்களுக்கு இது விறகுன்னு எப்படித் தெரியும்? எங்க கையில இருக்குறது விறகு இல்லையேய்யா."

மாமா பதில் சொல்லவில்லை. பாயைச் சுற்றினார். "வண்டியத் திருப்புங்க மாப்ள" என்றார். தல்லாகுளம் போகவில்லை. வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

உலகத்தில் மற்றவர்களுக்கும் இந்தக் கவலை வந்திருக்கிறது. ஜப்பானில் உலோகத்தில் செய்யும் பொம்மைக் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைத்து, வெள்ளையோ மஞ்சளோ பூசவேண்டும் என்று 1971-லேயே சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் 1989 முதல் விளையாட்டுத் துப்பாக்கியின் வாயில் ஆரஞ்சு நிறம். எல்லாம் அந்த மூத்தவர் சொன்ன ஒரே வாக்கியத்துக்காகத்தான்.

* * *

அடுத்த மாதம் மாமாவின் பேத்திக்குக் கோடை விடுமுறை. காந்தி மியூசியத்தைப் பற்றி எழுதிவரச் சொல்லி ஸ்கூலில் வேலை கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் போனோம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959-ல் நேரு வந்து திறந்துவைத்தார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஜில்லென்று இருக்கும்.

சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கறை இருக்கிறது.

"தாத்தா, இது அசலா?" என்றாள் பேத்தி, நோட்டில் எழுதிக்கொண்டே.

"அசல்தாண்டா கண்ணு."

அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். மாமா போகவில்லை. எங்கள் வீட்டுத் துப்பாக்கியை இழைத்துப் பார்க்கும்போது எப்படி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தபடி நின்றார்.

"இத்தாலியில செஞ்ச பெரெட்டா. மூணு குண்டு. கைக்கெட்டுற தூரம்" என்றார். "கண்ணாடியும் வேணாம், கன்னத்தாங்கியும் வேணாம் மாப்ள."

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு வாரமா அசலு அசலுன்னு திலகர் திடலச் சுத்தினோமே, அது இங்கல்ல இருக்கு" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து மூவரும் ஜிகர்தண்டா சாப்பிட்டோம். அவர் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டார். மாமா எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை.

* * *

போன மாதம் சமயநல்லூர் போயிருந்தேன். துப்பாக்கி ஹாலில் சுவரில் தொங்குகிறது. குழலின் வாயில் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொம்புக்கு அடித்த பெயின்டில் மிச்சமாம். மாமா அதைக் கழற்றி எடுப்பதே இல்லை. எங்கேயும் கொண்டுபோவதும் இல்லை. இப்போது அதே உளியையும் இழைப்புளியையும் வைத்துப் பேத்திக்கு உள்ளான் குருவி ஒன்று செதுக்கிக்கொண்டிருக்கிறார். மூக்கு மட்டும் சரியாக வரவில்லை என்று கவலைப்பட்டார்.

ஒரு ஆர்வத்தில் துப்பாக்கிக் கட்டையின் சின்னக் கதவைத் திறந்து பார்த்தேன். பொந்து காலி.

"மாமா! புட்டி எங்கே? முந்நூற்று ஐம்பது ரூபாய்ப் புட்டி?"

மாமா உளியால் உள்ளறையைக் காட்டினார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பேத்தியின் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தையல் மிஷினின் மேல், பளபளவென்று தேய்த்து, அந்தப் பித்தளைப் புட்டி.

"நல்ல புட்டி மாப்ள. ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் அத்தை.

திலகர் திடல் கடைக்காரர் முதலில் சொன்ன விலைதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.